குளக்கட்டுப் பள்ளியின் ஹவுழுக்கு வெள்ளை பூசப் போன பயணம்

நெல் அறுக்கிற வெள்ளாமை வெட்டு தொடங்கப் போகிறது. கல்முனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் குடும்பம் குடும்பமாக இறக்காமப் பக்கம் போகிற காலம் இது. நான் இந்தத் திங்கட்கிழமை அங்கே போய்ச் செவ்வாய்க்கிழமை திரும்பினேன். வகுப்பின் கையெழுத்துச் சஞ்சிகைக்கு ஒரு பயணக் கட்டுரை தருவதாகத் தவணை முடியும்போதே ஒத்துக்கொண்டிருந்தேன். குளம், யானை, வயல்வெளி என்று எழுதிக் கொடுக்கலாம் என்று அப்போது நினைத்தேன். அந்தக் கட்டுரை இதுவல்ல. இப்போது புதன் இரவு, வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். குப்பி விளக்கின் வெளிச்சம் வெளியே தெரியாமல் இருக்க அதை மேசைக்கு அடியில் வைத்து, நானும் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏன் போனோம் என்பதைச் சொல்ல வேண்டும். என் வாப்பா கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். கொழும்பிலிருந்து பெயின்ட் ஒழுங்காக வராததால் கடைக்குப் பின்னால் கொட்டகை போட்டுத் தானே வெள்ளை பெயின்ட் அரைக்கிறார். அதற்கான வெள்ளை மா காகித மூட்டைகளில் வரும். அதன் பெயர் டைட்டானியம் டைஒட்சைட்டு. எங்கள் வீட்டில் அதை வெள்ளை மா என்றுதான் சொல்வோம். எங்கள் இரசாயனவியல் ஆசிரியை ஒருமுறை சொன்னார், இந்த மா கடற்கரைக் கறுப்பு மணலிலிருந்து எடுக்கப்படுகிறது என்று. திருகோணமலைக்கு வடக்கே அள்ளும் மணல் கப்பலேறிப் போகிறதாம். போன மணல் எங்கோ வெள்ளையாகி மூட்டையில் திரும்பி வருகிறது என்று நினைக்கும்போது எனக்கு வியப்பாக இருந்தது.

மாவை அப்படியே எண்ணெயில் கலந்தால் பெயின்ட் ஆகாது. கட்டி கட்டியாக நிற்கும். கூழாங்கற்கள் போட்ட ஒரு இரும்புப் பீப்பாய்க்குள் மாவையும் எண்ணெயையும் ஊற்றி, ஒரு நாளுக்கு மேல் மோட்டரில் உருள விடவேண்டும். ஒவ்வொரு மணியையும் எண்ணெய் சுற்றிப் பிடித்தால்தான் காய்ந்த பிறகு சுவரை விட்டு வராது. மா கொட்டுகிற நாட்களில் வாப்பாவின் புருவமும் மூக்குத் துளையும் வெள்ளையாகிவிடும். இருமல் இருக்கிறது. வாயில் துணி கட்டச் சொன்னால், மூச்சு முட்டுகிறது என்று கழற்றி எறிந்துவிடுவார்.

இறக்காமத்துக்கு அப்பால், குளக்கட்டோரம் ஒரு சிறிய பள்ளிவாசல் இருக்கிறது. போன மழைக்குப் பிறகு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்து பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பள்ளியின் ஹவுழில் பாசி பிடித்திருந்ததுதான் காரணம் என்று ஊரில் கதைத்தார்கள். ஹவுழ் என்பது தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி வுழூ செய்வதற்கான சீமெந்துத் தொட்டி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிச் சுவருக்குப் பூசுவது போல, கிருமி நிற்காத பெயின்ட் ஒன்று அந்தத் தொட்டிக்குப் பூசித் தர முடியுமா என்று பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார் கடைக்கு வந்து கேட்டார். வாப்பா கூலி வேண்டாம், சாமான் செலவும் என்னுடையது என்று சொன்னார். பிள்ளைகள் படுத்துக் கிடந்ததைக் கேட்டு அவர் அன்று பகல் சாப்பிடவில்லை.

கிருமி கொல்லும் மருந்தைக் கொழும்பில் ஒரு வியாபாரியிடம் எடுப்பித்தார். சிறிய டின்னில் வந்தது. அந்த வியாபாரி தொலைபேசியில் சொன்னதை வாப்பா சோறு தின்னும்போது எங்களிடம் சொன்னார். இது பாதரசம் சேர்ந்த மருந்து, பெயின்டில் பூஞ்சணமும் பாசியும் வராது, வெளிச்சுவருக்கு நல்லது, ஆனால் குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பாவிக்க வேண்டாம் என்றாராம். உம்மா கையை நிறுத்திக் கேட்டா, அப்ப எப்படி என்று.

வாப்பா சொன்னார்: “இது ஹவுழு. ஹவுழுத் தண்ணிய ஆரும் குடிக்கிறல்ல தானே.”

உம்மா தலையாட்டினா. நானும் சரி என்றுதான் நினைத்தேன். ஒரு நாளைக்கு ஐந்து நேரம் வுழூ செய்கிற மூன்று பேர் அந்த இடத்தில் இருந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இனிப் பயணம். திங்கள் காலை ஆறரைக்குக் கல்முனையிலிருந்து சலீம் காக்காவின் வானில் கிளம்பினோம். வாப்பா, சலீம் காக்கா, நான். என்னைக் கூட்டிப்போக வேண்டாம் என்று உம்மா சொன்னா. குமர்ப்பிள்ளை இருக்கிற வண்டியை அவ்வளவு கிண்ட மாட்டார்கள் என்று வாப்பா சொன்னார். நான் போனதற்கு வேறு காரணம் இல்லை. பின்னால் நான்கு டின்னில் அரைத்த பெயின்ட், ஒரு மூட்டை வெள்ளை மா, எண்ணெய்க் கலன், தூரிகைகள், மருந்து டின். மா மூட்டையை ஏன் ஏற்றினோம் என்றால், ஞாயிறு மத்தியானத்தோடு மின்சாரம் போய்ப் பீப்பாய் பாதியில் நின்றுவிட்டது. அரைபடாத மாவை அங்கே போய்க் கையால் கலக்கிக்கொள்ளலாம் என்று வாப்பா எடுத்து வந்தார்.

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவுச் சந்தி, அங்கே மேற்கே திரும்பிச் சம்மாந்துறை, வீரமுனைப் பக்கத்தால் போய் அம்பாறை வீதி. மொத்தம் ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீற்றர் என்று சலீம் காக்கா சொன்னார். அவருடைய வானில் மீற்றர் வேலை செய்யாது, ஆகையால் இது அவர் கணக்கு. பஸ்ஸில் போனால் அம்பாறையில் இறங்கி மாற வேண்டும், இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து இருபது ரூபாய் போதும். வான் வாடகை, ஒரு இரவு தங்கலோடு, ஆயிரத்து இருநூறு. பாதை சாதாரண நாளில் ஒன்றரை மணித்தியாலம். எங்களுக்கு நான்கு மணித்தியாலத்துக்கு மேல் போனது.

சம்மாந்துறை வரைக்கும் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் நெல் மஞ்சளாகி நின்றது. சலீம் காக்கா, பெயின்ட் மணத்தில் தனக்குக் காசு கொடுத்துக் குடிக்காமலே தலை சுற்றுகிறது என்று பகிடி விட்டுக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு வந்த சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் எல்லோரையும் இறக்கினார்கள். என்னை ஒரு பெண் காவலர் தனியாகக் கூப்பிட்டுச் சோதித்துவிட்டு அனுப்பினார். மூட்டையைப் பார்த்ததும்தான் பிரச்சினை. வாயைப் பிரித்து ஒருவன் கை விட்டான். முழங்கை வரை வெள்ளையானது. வேறு இரண்டு பேர் துவக்கோடு வந்து நின்றார்கள். வெடி மருந்தா என்று சிங்களத்தில் கேட்கிறார்கள் என்று சலீம் காக்கா மெல்லச் சொன்னார்.

பெயின்ட் மா, ஆபத்து இல்லாதது என்று வாப்பா கையால் பூசிக் காட்டினார். அவர்கள் நம்பவில்லை. ஆபத்து இல்லை என்றால் தின்று காட்டு என்றார்களாம். சலீம் காக்கா அதைத் தமிழில் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வாப்பா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். போதாது என்றார்கள். பிறகு ஒரு சிட்டிகை அள்ளி வாயில் போட்டார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். வெள்ளை நாக்கைக் கண்டு அவர்களில் இளையவன் சிரித்தான், மற்றவர்களும் சிரித்தார்கள். தாடி வைத்த என் வாப்பா, ஊரில் பத்துப் பேர் எழுந்து நின்று ஸலாம் சொல்கிற மனிதர், வீதியில் என் முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். நான் வேலியைப் பார்த்துக்கொண்டேன். பத்தரை மணிக்கு விட்டார்கள்.

மூட்டையின் வாயைத் திரும்பக் கட்டிவிட்டு வாப்பா வானில் ஏறினார். பிறகு, என்னைப் பார்க்காமல், “பாத்தியா மகள், ஒண்டும் ஆகல்ல. வெறும் மா,” என்று மட்டும் சொன்னார். அது உண்மைதான். ஆசிரியையும் சொல்லியிருக்கிறார், அந்த மா தண்ணீரில் கரையாது, பற்பசையில்கூடப் போடுகிறார்கள், தூசியாக மூச்சில் போவதுதான் கூடாது என்று. ஆனால் மா வேறு, மருந்து வேறு. அப்போது அதை நான் யோசிக்கவில்லை. அவருடைய வாயோரத்தில் ஒட்டியிருந்த வெள்ளையைத் துடைத்துவிடச் சொல்லலாமா வேண்டாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்குப் போகும் வழியைக் கவனமாகச் சொல்கிறேன். இறக்காமம் கடைத்தெரு தாண்டிக் குளக்கட்டில் ஏறுங்கள். இடது கைப்பக்கம் தண்ணீர், வலது கைப்பக்கம் வயல். மதகு தாண்டினால் இரட்டை மருத மரம். அதன் கீழே இறங்கும் மண் பாதையில் ஐந்து நிமிட நடையில் ஓடு போட்ட சிறிய பள்ளி. மினாரா கிடையாது. முன்னால் ஹவுழ். பள்ளிக்குப் பின்னால் மோதினாரின் வீடு, வீட்டு முற்றத்தில் கட்டுக் கிணறு. வெட்டுக்குப் போகிறவர்கள் தொழவும் தங்கவும் இந்தப் பள்ளியில்தான் நிற்பார்கள், ஏனென்றால் அந்த வயல்களுக்கு நடுவில் வேறு நிழல் இல்லை.

மோதினாரின் மனைவியை நான் மாமி என்று கூப்பிட்டேன். பகலுக்குச் சோறும் குளத்து மீன் ஆணமும் தந்தா. வாப்பாவும் சலீம் காக்காவும் தொட்டிக்குள் இறங்கிச் சுரண்டிக் கழுவித் துடைத்தார்கள். நான் முற்றத்தில் இருந்து டின்னைக் கலக்கினேன். பாதி அரைபட்ட பெயின்டில் மீதி மாவைக் கொட்டி, எண்ணெய் குறைவாக இருந்ததால் மண்ணெண்ணெய் விட்டு இளக்கினோம். வெள்ளை நன்றாகக் கண்ணைப் பறிக்க வேண்டும் என்று வாப்பா மாவை அள்ளி அள்ளிப் போட்டார். மருந்தை அவர்தான் ஊற்றினார். சொன்ன அளவு ஊற்றிவிட்டு, பிள்ளைகள் பாவிக்கிற இடம், பாசி ஒரு பொட்டும் வரக்கூடாது என்று இன்னொரு மடங்கு ஊற்றினார். பின்னேரம் அஸர்த் தொழுகைக்கு முன் முதல் பூச்சு முடிந்தது. தொட்டி பால் ஊற்றியது போல இருந்தது. மோதினார் கரையில் நின்று மாஷா அல்லாஹ் சொன்னார்.

அஸர் தொழ நான் கிணற்றடியில் வுழூ செய்யப் போனேன். கை கழுவினேன். வாயில் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்தேன். இரண்டாம் தரம் எடுத்தேன். வாயில் தண்ணீரோடு அப்படியே நின்றுவிட்டேன்.

மூன்று தரம் வாய். மூன்று தரம் மூக்குக்குள் இழுத்துச் சிந்துகிறோம். ஐந்து நேரத்துக்கும். ஒரு ஆள் ஒரு நாளில் அந்தத் தண்ணீரை எத்தனை தரம் வாய்க்குள் வைத்துக்கொள்கிறார். குடிக்கிறதில்லைதான். நாங்கள் எல்லோரும் அதைத் தண்ணீர் குடிப்பது என்று நினைப்பதில்லை, அது கழுவுவது, அது இபாதத், இறைவழிபாடு. ஆகையால்தான் சோறு தின்ற இடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கொழும்பு வியாபாரிக்கு ஹவுழ் என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. எங்களுக்குத் தெரியும்.

மாமியிடம் ஒன்றும் தெரியாதது போலக் கேட்டேன், பிள்ளைகள் குர்ஆன் ஓத வருகிற நேரம் எது என்று. பின்னேரம் என்றா. முப்பது பிள்ளைகள் வருவார்களாம். அவர்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டு சொன்னா:

“ஓதி முடிஞ்சா நேரா ஹவுழுக்குத்தான் புள்ள ஓடுவானுகள். கையால அள்ளி அள்ளிக் குடிக்கிற. கிணத்துல அள்ளித் தாறன் எண்டாலும் கேக்கிறல்ல. என்ட கடைசிவன் அதுக்குள்ள வாயப் போட்டுக் குடிப்பான், மாடு மாதிரி.”

கடைசிவன் அப்போது என் பக்கத்தில்தான் இருந்தான். நான்கு வயது இருக்கும். காய்ந்த பெயின்ட் பட்டிருந்த என் கையைப் பிடித்து, வெள்ளைக்காரி என்றான்.

வாப்பாவிடம் பொழுது பட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகு சொன்னேன். வெளியில், வானுக்குப் பக்கத்தில். பயத்தில் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன், வுழூ செய்யும்போது வாய் கொப்பளிக்கிறோம்தானே என்று. அவர் உடனே விளங்கிக்கொண்டார். முகத்தில் தெரிந்தது. ஆனால், காய்ந்தால் பெயின்டை விட்டு மருந்து வராது, நீ படிக்கிற புள்ள எண்டு எல்லாம் தெரிஞ்ச மாதிரிக் கதைக்காத என்றார். அன்றிரவு அங்கேதான் தங்கினோம், இருட்டினால் அந்தப் பாதையில் போக முடியாது. தூரத்தில் யானை விரட்ட வெடி போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

செவ்வாய் காலையில் இரண்டாம் பூச்சுக்கு முன் நான் போய்த் தொட்டியின் விளிம்பைத் தடவினேன். விரல் வெள்ளையானது. ஈரம் இல்லை, காய்ந்துதான் இருந்தது. சுண்ணாம்புச் சுவர் போல மாவாக உதிர்ந்தது. மா கூடிவிட்டது, எண்ணெய் போதவில்லை, பீப்பாயில் உருள வேண்டிய நேரம் உருளவில்லை. பிடிக்காத மா தண்ணீரோடு வரும், வந்தால் மருந்தையும் கூட்டிக்கொண்டு வரும். வாப்பா என் விரலைப் பார்த்தார். இருபது வருடம் பெயின்ட் அரைக்கிற ஆள், அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. தானும் ஒரு விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தூரிகையைக் கீழே வைத்துவிட்டு மோதினாரிடம் போனார்.

சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாம் கேட்டேன். தொண்டையைச் செருமினார். மழையைப் பற்றி, வெட்டைப் பற்றிக் கதைத்தார். கடைசியில், ஒரு கிழமைக்குத் தண்ணீர் விடாமல் காய விடுங்கள் என்றார். மோதினார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெட்டுக்காரர் வருகிறார்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத் தொட்டி நிரம்பி இருக்க வேண்டும், வியாழன் பின்னேரம் வாய்க்காலில் இருந்து மோட்டர் போட ஆள் சொல்லிவிட்டேன், உங்களுக்காக ஊரே துஆச் செய்யும் என்றார். வாப்பா ஓம் ஓம் என்றார். திரும்பி வந்து இரண்டாம் பூச்சைப் பூசினார். முதல் நாளைப் போல இல்லாமல் எண்ணெய் கூட்டித்தான் பூசினார். அடியில் இருக்கிற பூச்சு உதிர்கிறபோது மேலே எண்ணெய் கூட்டி என்ன பயன் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

பதினொரு மணிக்குக் கிளம்பினோம். குளக்கட்டு முடியும் வரை அடக்கிக்கொண்டிருந்தேன். பிறகு, ஏன் வாப்பா சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூடுதலாகப் பயம் தந்தது.

“பள்ளித் தண்ணில நஞ்சு எண்டு ஒரு சொல்லு வெளியில போனா என்ன நடக்கும் எண்டு தெரியுமா உனக்கு? ஆரு கலந்த எண்டு நிண்டு கேப்பானுகளா? பக்கத்துல தமிழ் ஊரு கிடக்கு. விடியிறதுக்குள்ள ரெண்டு பக்கமும் மையித்து விழும். மறுகா நான்தான் எண்டு போய்ச் சொல்லி என்ன?”

தமிழர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் எங்கள் பக்கம் நடந்தவற்றை நீங்களும் அறிவீர்கள், நான் எழுதத் தேவையில்லை. வாப்பா சொன்னது பொய் அல்ல. வீதியோரம் வயலில் ஒரு குடும்பம் வெட்டுக்காகக் களம் செதுக்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் திருநீறு பூசிய ஒரு கிழவர் எங்கள் வானுக்குக் கை காட்டினார். சும்மா, போகிற வண்டிக்குக் காட்டுவது போல. நான் கை காட்டவில்லை.

சம்மாந்துறையில் பகல் ளுஹர் தொழுகைக்கு நிறுத்தினோம். வாப்பா பள்ளிக்குள் போன பிறகு நான் வானிலேயே இருந்தேன். சலீம் காக்கா தேநீர் வாங்கித் தந்தார். தான் வியாழன் காலையில் திரும்பவும் இறக்காமத்துக்குப் போவதாகச் சொன்னார், வயற்காரப் போடியார் ஒருவரின் பழைய நெல் ஏற்ற. அவருடைய இரண்டு பிள்ளைகளும் எங்கள் தெருப் பள்ளியில்தான் ஓதுகிறார்கள். கொஞ்ச நேரம் ஸ்டேரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“எழுதித் தா புள்ள, நான் கொண்டு போய் மாமிட கையில குடுக்கிறன். வாயால சொல்ல எனக்கு ஏலா. நான் சொன்னா அது சலீம் சொன்ன கதையாகிரும், மறுகா ஊரு ஊராப் போயிரும். நீ எழுதினா எழுதினபடிதான் இரிக்கும்.”

சோதனைச் சாவடியில் கடதாசி பார்த்தால் என்ன செய்வது என்று கேட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளையின் கட்டுரை என்றால் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தந்துவிடுவார்கள் என்றார்.

திரும்பி வந்ததிலிருந்து வாப்பா கடை திறக்கவில்லை. காய்ச்சல் என்று உம்மா வருகிறவர்களுக்குச் சொல்கிறா. காய்ச்சல் இல்லை. இன்று பின்னேரம் நான் இன்னொரு தரம் கேட்டேன், வெள்ளிக்கு முன்னமே போய்ச் சொல்லுவோமா என்று. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பவில்லை. இந்தக் கட்டுரையை அவர் கண்டால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. இதுவரை அவர் என்னை அடித்ததில்லை. எனக்குப் பயம் அதற்கு அல்ல. இதை வாசித்துவிட்டு அந்தச் சாவடியில் இருந்தது போல ஊர் முன்னால் ஒன்றும் பேசாமல் நிற்பாரே என்றுதான் பயம்.

அவர் சொன்னதையும் யோசித்துப் பார்த்தேன். சொன்னால் இரத்தம், சொல்லாவிட்டால் பிள்ளைகளின் வாயில் பாதரசம். ஆனால் அரைகுறையாகச் சொன்னால்தானே மற்றவன் தலையில் விழும். யார் செய்தது, எதற்குச் செய்தது, எப்படிப் பிழையானது என்று முழுவதும் சொன்னால் யாரைத் தேடிப் போவார்கள்? ஆகையால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். பாதையைக்கூட விடாமல் எழுதியது அதற்குத்தான். இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று சஞ்சிகைக்கு, கல்முனையிலிருந்து வெட்டுக்குப் போகிற வீடுகளுக்காக. மற்றது காலையில் வானோடு போகும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், சாவடியில் எவ்வளவு நேரம் போகும் என்று சொல்ல முடியாது. தேசிய அடையாள அட்டை இல்லாமல் யாரையும் கூட்டிப்போக வேண்டாம். வெள்ளையான மா, உரம், சவர்க்காரத் தூள் எதையும் மூட்டையாகக் கொண்டுபோக வேண்டாம், கொண்டுபோனால் தின்று காட்ட வேண்டி வரும். மாலை ஆறுக்குப் பிறகு குளக்கட்டில் நடக்க வேண்டாம், யானை இறங்கும். இரவு தங்க மோதினார் வீட்டில் பாய் தருவார்கள், காசு வாங்க மாட்டார்கள், ஒரு கிலோ சீனி கொண்டுபோய்க் கொடுங்கள்.

பெயின்ட் அரைக்கிற வேறு யாராவது இதை வாசித்தால், கிருமியைக் கொல்லுகிற எதையும் தண்ணீர் நிற்கிற இடத்தில் பூச முன், அந்தத் தண்ணீரை யார் யார் எப்படித் தொடுகிறார்கள் என்று நின்று பாருங்கள். குடிக்கிறார்களா என்று மட்டும் கேட்க வேண்டாம். மா கொட்டும்போது வாயில் துணி கட்டுங்கள்.

குளக்கட்டுப் பள்ளிக்குப் போனால் வுழூவைப் பின்னால் உள்ள கிணற்றில் செய்யுங்கள். ஹவுழ் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் அதில் கை வைக்க வேண்டாம், பிள்ளைகளை விட வேண்டாம். மாமி, உங்கள் கையில் இது வியாழன் பகல் கிடைக்கும், மோட்டர் போடுவது பின்னேரம். தயவுசெய்து மோதினாரிடம் வாசித்துக் காட்டி நிறுத்துங்கள். ஏற்கனவே நிரப்பியிருந்தால் அந்தத் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட வேண்டாம், அது கீழே உள்ள வயல்களுக்கும் ஊர்களுக்கும் போகும். தொட்டியை மூடி வையுங்கள். கடைசிவன் வாயைப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுரண்டி எடுக்க வாப்பா வருவார். அவர் வராவிட்டால் நான் வருவேன், எப்படி என்று இப்போது எனக்குத் தெரியாது.

யாராவது யார் செய்த வேலை என்று கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். அதைக் கலந்தது கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற ஒரு மனிதர், பிள்ளைகளுக்கு வருத்தம் வரக்கூடாது என்று கலந்தார், பிழையாகிப் போனது. வேறு எந்த ஊர்க்காரரும், எந்தச் சாதிக்காரரும், எந்த மதத்துக்காரரும் அந்தத் தொட்டிக்குக் கிட்ட வரவில்லை. டின்னைக் கலக்கியது அவருடைய மகள். சொன்னதும் அவள்தான்.